முதல் துணி

அன்புள்ள அம்மாவுக்கு லினெட் எழுதுவது. அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

பெய்ரூட்டில் குண்டு விழுவதால் நிறைமாதக்காரிகளை மலைமேல் ஒரு பழைய மாளிகைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்குக் குறையில்லை, சிக்னல்தான் இல்லை. இனி என்னை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். கோரிமேட்டில் நம் வீட்டில் பார்க்க வேண்டிய தலைப்பிரசவம் இங்கேதான்.

"பொறந்ததும் புதுசு போடாத, வேற புள்ள போட்ட பழசத்தான் மொதல்ல போடணும்" என்று சொன்னாயே, அது கிடைத்துவிட்டது. பக்கத்துக் கட்டில் ரீமா தன் குழந்தையின் சட்டையைத் துவைத்து மடித்துக் கொடுத்தாள். குழந்தை ஒரு தடவைதான் போட்டது. இனி தேவைப்படாதாம். வேண்டாமென்று சொல்லாமல் வாங்கித் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் முதலில் சுற்ற உன் பழைய நூல்சேலையில் ஒரு துண்டு கொடுத்தனுப்பு.

ரொட்டி வண்டிக்காரர் கடிதத்துக்காக நிற்கிறார். யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் கிழித்து வை, அம்மா.

லினெட்