கப்பலின் அடியில் உன் கட்டைவிரல்

என் கப்பல்காரா, கண்ணு பிரவீன்,

உன் கப்பலைத் தண்ணீரில் விட்டுவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை காலையில், முகத்துவாரக்குப்பத்தில், ஆறு கடலில் சேருகிற இடத்துக்குச் சற்று உள்ளே. முழுகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "கதைய அப்பறம் சொல்லும்மா, முழுகிச்சா இல்லியா" என்று நச்சரிப்பாய். மிதந்தது, ஓடியது, திரும்பியும் வந்தது. ஆனால் நீ ஆசைப்பட்டது மாதிரி ஓடவில்லை. அதற்குக் காரணம் நான்தான். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

நீ அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு நான் போட்ட சத்தம் ஞாபகம் இருக்கிறதா? எண்ணூரில் கண்டெய்னர் யார்டில் எலக்ட்ரீஷியன், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயசு, போனஸ் பணத்தில் வாங்கி வந்தது ஒரு பிளாஸ்டிக் கப்பல். அதுவும் சண்டைக் கப்பல். ராயபுரத்து ஷிப்பிங் ஆபீசில் நாளெல்லாம் கப்பல் பெயராக டைப் அடித்துவிட்டு வருகிற எனக்கு வீட்டிலும் கப்பலா என்று கேட்டேன். "நீ பேர தான் பாத்துகீற. நான் கப்பலையே காட்றேன்" என்று சொல்லிவிட்டு, என் புடவைப் பெட்டியை நகர்த்தி அதற்கு இடம் பிடித்தாய்.

அது அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற கப்பல். துண்டு துண்டாக வரும், ஒட்ட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். உனக்கு அது போதவில்லை. உள்ளே மோட்டார் வைக்க வேண்டும். பின்பக்கம் அடியில் இரண்டு துளை போட்டு, இரண்டு கம்பி விட்டு, முனையில் தண்ணீரைத் தள்ளுகிற ஃபேன் மாட்ட வேண்டும். மேல்தட்டை ஒட்டாமல் டப்பா மூடி மாதிரி கழற்றி மாட்ட வேண்டும். கரையில் நின்று ரிமோட்டில் ஓட்ட வேண்டும். சாப்பிடும்போதும் இதே பேச்சு. உன் நைனா மட்டும் தட்டைப் பார்த்தபடி ம் கொட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம், அடிப்பாகத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தாய். அந்தப் பசை சும்மா ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கையே கரைத்துத்தான் சேர்க்குமாம். விரலில் பசை இருந்ததைப் பார்க்காமல் பின்பக்கம் வலதுபுறம் அழுத்திப் பிடித்துவிட்டாய். எடுத்துப் பார்த்தால் உன் கட்டைவிரல் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது, சுழி சுழியாக. தலையில் அடித்துக்கொண்டாய். கப்பலுக்குப் போலீசில் கைரேகை எடுத்துவிட்டாயா என்று நான் சிரித்தேன். "பரவால்லம்மா, அங்க தான் துளை வருது, மிச்சத்த உப்புத்தாள்ல தேச்சிட்டா போயிரும்" என்று உன்னை நீயே சமாதானப்படுத்திக்கொண்டாய்.

தேய்ப்பதற்கு முன்னால் ஆடி மாதம் வந்துவிட்டது. வேலை முடிந்து வரும்போது எக்ஸ்பிரஸ் ரோட்டில், இடது பக்கம் திரும்பிய ஒரு டிரெய்லர் உன் பைக்கைக் கவனிக்கவில்லை. உன் நைனா ஓட்டுவதும் அதே மாதிரி வண்டிதான். அந்த நேரத்தில் அவர் துறைமுக கேட் வரிசையில் நின்றிருந்தார். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தார்.

உன்னைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தை மட்டும் காட்டினார்கள். கையைக் காட்டுங்கள் என்று கேட்டேன், வேண்டாம்மா என்றார்கள். இருபத்தாறு வருஷம் பிடித்து நடத்திய கை. அதைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவிடவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு பீரோ மேலிருந்த கப்பலைத் துடைக்கலாம் என்று எடுத்தேன். விரலில் அந்தச் சுழி தட்டுப்பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் ரேகை ஆதாரில் இருக்கும், யார்டில் வருகை போடுகிற மிஷினில் இருக்கும். அதையெல்லாம் எனக்கு யார் காட்டப் போகிறார்கள்? என் கையில் இருப்பது இது ஒன்றுதான். அன்றிலிருந்து ஆபீஸ் கிளம்பும் முன்னால் அதன்மேல் என் கட்டைவிரலை வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். பூஜை அறையில் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

தை பிறந்த பிறகு உன் தோஸ்து இம்ரான் ஒரு பார்சலோடு வந்தான். நீ யார்டு விலாசத்துக்கு வரவழைத்திருந்த மோட்டார்கள், கம்பிகள், ரிமோட். இத்தனை மாதமாக அதைத் தன் லாக்கரில் வைத்துக்கொண்டு, எப்படிக் கொண்டுவந்து கொடுப்பது என்று தெரியாமல் தவித்திருக்கிறான். வாசலிலேயே அழுதுவிட்டான். உன் நைனா பார்சலை வாங்கிப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தார். "அவன் ஆரம்பிச்சத நாம முடிச்சிரலாம், நீ வந்து சொல்லிக் குடு" என்று இம்ரானிடம் சொன்னார். நீ போன பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்பதால் நானும் சரி என்றேன்.

அடுத்த ஞாயிறு கூடத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்தார்கள். கப்பலைக் கவிழ்த்து வைத்து, உன் நைனா பென்சிலால் துளைக்கு இடம் குறித்தார். இடதுபுறம் ஒன்று. வலதுபுறம் ஒன்று, சரியாக உன் ரேகையின் நடுவில். அடுப்படியிலிருந்து ஓடிவந்து கப்பலைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அந்த எடத்துல ஊசி கூட எறங்கக் கூடாது" என்றேன்.

"அவன் ரெண்டு ஃபேன்னு தான் சொல்லிகினு இருந்தான். அவன் சொன்ன மாறி தான் செய்யணும்" என்றார் அவர். என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த ரேகையையும் பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது. மனசில் ஈரம் இருக்கிற அப்பன் அங்கே துளை போடுவானா என்று கேட்டேன். இம்ரான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். உன் நைனா பென்சிலைப் பேப்பர்மேல் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கேட்டில் வரிசை நீளம் என்று போனில் சொன்னார், சில நாள் வண்டியிலேயே படுத்தார். இரண்டு பேர்தான் மிச்சம் இருக்கிற வீட்டில் ஒருவர் வராவிட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

அவர் வண்டியில் போகிற கிளீனர் அவருடைய துணிமணி எடுக்க வந்தபோது ஒன்று சொன்னான். இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் உன் நைனா வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாராம். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்தாலும், கெட்ட வார்த்தையில் திட்டினாலும் காதில் வாங்குவதில்லையாம். எனக்கு அது அதுவரைக்கும் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: ஒரு துளை போதும், இடது பக்கம் மட்டும் போடுகிறேன். ஒரு பக்க ஃபேன் மட்டும் தள்ளினால் கப்பல் நேராகப் போகாது, வலது பக்கமாகவே வளையும் என்று இம்ரான் சொல்லிப் பார்த்தான்.

"இழுத்தா புட்சிக்கிறேன். நான் பாக்காத வண்டியா" என்றார்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. இடதுபுறம் துளை போட்டு, கம்பி வழியே தண்ணீர் ஏறாமல் இருக்க டிரெய்லருக்குப் போடுகிற கிரீஸை அடைத்தார். நடுவில் கப்பலைத் திருப்புகிற சுக்கானை மாட்டினார்கள். துணி ஊறவைக்கிற பெரிய டப்பில் விட்டுப் பார்த்தோம், மோட்டார் இருக்கிற பக்கமே சாய்ந்தது. வலதுபுறம் காலி அல்லவா. வலையின் அடியில் கட்டுகிற ஈயக்குண்டுகளை இம்ரான் குப்பத்திலிருந்து வாங்கி வந்தான். உன் இரண்டாவது மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் அதை ஒவ்வொன்றாக வைக்க வைக்க, கப்பல் நிமிர்ந்து உட்கார்ந்தது. அடியில் சிவப்புப் பெயின்ட் நான்தான் அடித்தேன். ரேகைமேல் டேப் ஒட்டிவிட்டு, அதைச் சுற்றி அடித்தேன். அந்த இடம் மட்டும் பெயின்ட் இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. நீ பார்த்தால் கலீஜா கீது என்பாய். சொல்லிக்கொள்.

முகத்துவாரத்துக்கு ரயிலில் போனோம். ஆட்டோவில் போனால் சீக்கிரம் போகலாம் என்று இம்ரான் சொன்னான். அந்த ரோடு வேண்டாம் என்று நானும் உன் நைனாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். திருவொற்றியூரில் ஏறி எண்ணூரில் இறங்கும்வரை கப்பல் என் மடியில் பெட்ஷீட்டில் சுற்றியிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா குழந்தையா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் தண்ணீர் நிற்கிற நேரத்தை அங்கே ஒரு வலைக்காரர் பார்த்துச் சொன்னார். ஒருவேளை கப்பல் நடுவில் நின்றுவிட்டால் எடுத்து வர ஃபைபர் படகோடு தயாராகவும் நின்றார். உன் நைனா முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கப்பலை விட்டார். கரைக்கு வந்து ரிமோட்டை வாங்கினார். கிளம்பியதுமே அது வலது பக்கம் வளைந்தது. அவர் ரிமோட்டில் இருக்கிற குச்சியை மெதுவாக இடது பக்கம் தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டார். கப்பல் நேரானது. எதிர்க்கரையில் பவர் ஹவுஸ் புகைபோக்கி நிற்க, அதன் முன்னால் உன் சண்டைக் கப்பல் சின்னதாக அலை கிளப்பிக்கொண்டு போனது. விரலைக் கொஞ்சம் எடுத்தாலும் உடனே வலது பக்கம் இழுத்தது. பேட்டரி தீரப் போகிறது என்று இம்ரான் சொல்லி, கப்பலைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும்வரை அவர் விரலை எடுக்கவே இல்லை.

இம்ரான் வீடியோ எடுக்கிறேன் என்று போனைத் தூக்கினான், ஆனால் அவன் அழுத அழுகையில் ஒன்றும் சரியாகப் பதிவாகவில்லை. கப்பல் திரும்பி வந்த பிறகு, உப்புத் தண்ணீர் போக அலம்ப வேண்டும் என்றான். குப்பத்தில் ஒரு பெண் குடத்தில் நல்ல தண்ணீர் கொடுத்தாள். நான் கப்பலைக் கவிழ்த்து மடியில் வைத்து, உன் ரேகையில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் நைனா பக்கத்தில் வந்து குந்தினார்.

"எனக்கு மட்டும் அத்த அழிக்கணும்னு ஆசையா செல்வி? தெனம் அத்த தாண்டி தான் வூட்ட வுட்டு போறேன். துளை வுழுந்துட்டா பாக்க வேணாமேன்னு நென்ச்சேன்" என்றார்.

குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் கையை அலம்பிவிட்டுக் கேட்டார்: "நானு ஒரு தபா வெரல வெச்சிக்கட்டா?"

என்னிடம் கேட்கிறார், பிரவீன். பெற்ற பிள்ளையின் விரலைத் தொட என்னிடம் அனுமதி கேட்கிறார். அதுவரை அவர் அதைத் தொட்டதே இல்லை. கப்பலை அப்படியே அவர் மடிக்கு மாற்றினேன். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல், உன் ரேகையை முழுசாக மூடிக்கொண்டது. வலைக்காரர் பார்க்கிறார், இம்ரான் பார்க்கிறான் என்று எதையும் நினைக்காமல், அந்தச் சேற்றில் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லி அழுதார். நீ போன அன்றைக்குக்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

இரண்டு ஃபேனில் ஓட வேண்டிய கப்பலை ஒன்றில் ஓட விட்டதற்கு உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். அந்த இரண்டாவது துளையை இனி யாரும் போட மாட்டோம், இது சத்தியம். நீ வந்து போட்டால்தான் உண்டு. அதுவரை அது எந்தப் பக்கம் இழுத்தாலும், நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா செல்வி,
"என் பேரையும் போடு" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உன் நைனா.