எல்லோரும் தூங்கிய கூட்டம்

இன்று அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது நம் பெண்கள் குழுவின் முதல் நோட்டு கிடைத்தது. பிரித்தால் மிளகு வாசனை. அதை மிளகு மூட்டைமேல் போட்டு வைத்தது நீதான், மறுக்காதே. முதல் பக்கத்தில் நான் அடிக்கோடிட்டு எழுதிய தலைப்புகள்: இரத்தசோகை, சத்துணவு, தன்னம்பிக்கை. ஓரத்தில் உன் கோணல் எழுத்து: ‘போதும் புள்ள, எனக்கே தூக்கம் வருது.’ சிரித்தேன், பிறகு அழுதேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பாமலே நீ போய் எட்டு மாதம் ஆகிறது, இன்னும் என்னைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறாய்.

ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம், பள்ளிக்கூட வராந்தா. நம் மலையில் எடப்புளி நாட்டுப் பெண்களுக்கு வாரத்தில் காட்டு வேலையும் வீட்டு வேலையும் இல்லாமல் கிடைத்த நேரம் அது ஒன்றுதான். அதையும் நான் வகுப்பாக்கினேன். இருபது பேர் ஏழு பேரானார்கள். வராதவர்கள் பெயரை உரக்க வாசித்தேன். போதாக்குறைக்கு வீடு வீடாக ஏறி இறங்கி அம்மாக்களிடம் புகாரும் சொன்னேன். அடுத்த வாரம் நான்கே பேர். இப்படியே போனால் குழுவை மூட வேண்டியதுதான் என்று உன்னிடம் புலம்பினேன்.

“புள்ளைங்க மேல தப்பில்ல. நீ பேசறதுதான் அறுவை” என்று முகத்துக்கு நேராகச் சொன்னாய். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நாலாம் நாள் நீயே பலாச்சுளையோடு வந்தாய். “வாரம் ஒருத்தி. அவ என்ன கேக்கறாளோ அதான் கூட்டம். நாம ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது.”

முதல் வாரம் பூங்கொடியின் முறை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். விடியுமுன் தண்ணீர் எடுப்பது, பிறகு மரவள்ளிக் காடு, பிறகு சின்னதுகளுக்குச் சோறு என்று ஓடுகிறவள். தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எது கேட்டாலுமுங்களா அக்கா?”

“எது கேட்டாலும் கண்ணு” என்றாய்.

“செத்த நேரம் படுத்துக்கலாமுங்களா? ஊட்ல பகல்ல படுத்தாத் திட்டுவாங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்தானையைத் தலைக்கு வைத்துப் படுத்தேவிட்டாய். நான்கு பெண்களும் வரிசையாகப் படுத்தார்கள். நான் மட்டும் ஊரார் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று தூணோரம் நோட்டும் கையுமாக விழித்திருந்தேன். உன் குறட்டைதான் எல்லோரையும்விடப் பெரிது.

எழுந்ததும் பூங்கொடி தானாகவே பேசினாள். அடிக்கடி தலை சுற்றுகிறது, மாதவிலக்கு பத்து நாளுக்குமேல் நீள்கிறது, யாரிடமும் சொன்னதில்லை என்றாள். ஆறு வாரமாக இரத்தசோகையைப் பற்றி அவள் முன்னால்தான் தொண்டை கிழியப் பேசியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளே அவளை பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய்.

அடுத்த ஞாயிறு பதினோரு பேர் வந்தார்கள். ஒருத்தி சைக்கிள் ஓட்டக் கேட்டாள். ஒருத்தி மலை விளிம்பில் நின்று கத்த வேண்டும் என்றாள், கத்தினோம். எனக்கு இரண்டு நாள் குரல் இல்லை. ஊருக்கு நிம்மதி என்றாய்.

நீ போன பிறகு வந்த முதல் ஞாயிறு, பள்ளிக்கூட கேட் சாவியைத் தலைமையாசிரியரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். நீ இல்லாமல் என்னால் யாரையும் சிரிக்க வைக்க முடியாது. வராந்தா நிறையப் பெண்கள். பூங்கொடி எழுந்து நின்றாள்.

“அக்கா, இன்னிக்கு உங்க முறைங்க. உங்களுக்கு என்ன வேணுமுங்க?”

எனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. உன்னைப் பற்றிப் பேசச் சொன்னேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் பூங்கொடி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அந்த அக்காவ ஆஸ்பத்திரியில பாக்கப் போனப்ப ஒண்ணு சொன்னாங்க. ‘கூட்டத்த வுட்றாதீங்க கண்ணு. உங்களவிட அவளுக்குத்தான் அது ரொம்ப வேணும்’னாங்க.”

என் பிடிவாதத்துக்கும் தனிமைக்கும் சேர்த்துத்தான் நீ அத்தனை ஞாயிறும் வந்திருக்கிறாய். அது தெரியாமல் நான்தான் குழுவைத் தாங்குவதாக நினைத்திருந்தேன். நன்றி புள்ள. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வராந்தாவுக்கு வந்துவிடுகிறேன், என் முறை வர இன்னும் எத்தனை வாரம் என்று விரல்விட்டு எண்ணியபடி.