லூர்து சொன்னதாக நான் சொன்னது

அக். 4, சனி

காலையில் தூறல். மலை தெரியவில்லை. நேற்றுக் காயப்போட்ட வேட்டி இன்னும் ஈரம்.

சமுதாயக் கல்லூரியில் கூட்டம். கோமதி டீச்சர் நேற்றே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். மலைமேல் பிறந்தவள். நான் கண்டக்டராக இருந்தபோது பள்ளிக்கூடப் பையோடு என் பஸ்ஸில் வந்த வாண்டு. இப்போது அங்கே டீச்சர். “வராம வுட்டுடாதீங்க சார், பெரியவங்க பக்கம் ஆள் கம்மி.” ஆகிவிட்டேன், பெரியவர்.

ஒரு வரிசையில் கிழடுகள், எதிர் வரிசையில் படிக்கிற பிள்ளைகள். ஊர்ப் பொது விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசையும் பேச வேண்டுமாம். கோ.டீச்சர் போட்ட சட்டம்:

‘எங்க காலத்துல’ என்று ஆரம்பிக்கக் கூடாது (எங்களுக்கு).
போனை எடுக்கக் கூடாது (அவர்களுக்கு).
எதிராளி சொல்லும் இடத்தை நேரில் போய்ப் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது (எல்லோருக்கும்).

முதல் சட்டத்திலேயே எங்கள் வரிசையில் பாதிப் பேருக்குப் பேச்சு அடைத்துப்போனது.

நர்சிங் உதவியாளர் படிப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். ரீனா. எங்கள் ஊர்க் காலனிப் பெண்தான். “கல்லறத் தோட்டத்து நடுச் சுவர எடுக்கணும்” என்றாள்.

ஒரே மாதா கோயில், ஒரே பூசை, ஒரே சாமியார். செத்தால் மட்டும் நடுவில் சுவர். கிழக்கே எங்கள் ஆட்கள், மேற்கே காலனி ஆட்கள். உள்ளே போகிற கேட்டும் தனித்தனி. யார் கட்டியது என்று யாரும் கேட்டதில்லை.

என் மச்சினன் அந்தோணி எழுந்தான். “செத்தவங்கள வெச்சி இன்னா அரசியல்?” மலையிலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர் இடையில் புகுந்தார்: “பொதைக்க எங்களுக்கு மல பூரா எடம் கீது. சாவாம ஆஸ்பத்திரிக்குப் போவத்தான் பஸ் இல்ல.” என்னைப் பார்த்தே சொன்னார், பஸ்ஸை நான் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிற மாதிரி.

அந்தச் சுவரை ஒட்டித்தான் என் பெண்டாட்டி லூர்து படுத்திருக்கிறாள்.

வாங்க: பிரஷர் மாத்திரை, தீப்பெட்டி, வெங்காயம். (ஒரு ஆளுக்கு எவ்வளவு வெங்காயம் என்று இன்னும் பிடிபடவில்லை.)

அக். 5, ஞாயிறு

கொஞ்ச நேரம் வெயில். பூசை முடிந்து க.தோட்டம்.

லூர்து மேல் புல் வளர்ந்துவிட்டது. எல்லோரும் சிமென்ட் பூசச் சொல்கிறார்கள். பூசிவிட்டால் எல்லாம் முடிந்த மாதிரி ஆகிவிடும். இருக்கட்டும்.

வேலூர் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “சுவத்த ஒட்டி வெச்சிடாதீங்க. அந்தாண்ட அவங்க கீறாங்க.” சரி சரி என்றேன். தவக்காலத்தில் போய்விட்டாள். எங்கள் பக்கம் வேறு இடமே இல்லை. சுவரை ஒட்டித்தான் குழி. கடைசியாக அவள் கேட்டது அது ஒன்றுதான்.

என் பெண்டாட்டி இப்படிப் பேசுகிறவள் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அவள்தான். காலனிப் பெண்கள் பூசையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நகர்ந்து உட்காருகிறவள். மலை டியூட்டி முடிந்து வீங்கின காலோடு வந்தால், உப்புப் போட்ட வெந்நீரில் என் காலை எடுத்து வைத்துத் தேய்த்துவிடுகிறவளும் அவள்தான்.

சண்டை போடாமல் இல்லை. “நீங்க பஸ்ல எல்லாரையும் ஒரசிக்கினு போறவரு, உங்களுக்கு இன்னா தெரியும்?” என்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அதோடு சண்டை முடிந்தது.

இப்போது திட்டவும் ஆள் இல்லை.

அக். 11, சனி

வாரம் பூராவும் மழை. இன்று விட்டது. குடைக் கம்பி உடைந்தது.

சட்டப்படி நேரில் பார்க்கப் போனோம். ரீனா, கோ.டீச்சர், நான். அந்தோணி வரவில்லை, “எனக்குத் தெரியாத எடமா?” என்றானாம்.

மேற்குக் கேட். பிறந்ததிலிருந்து இதே ஊர். அதற்குள் கால் வைப்பது இன்றுதான்.

மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் எல்லாம் சுவரில் முட்டி நிற்கிறது. எங்கள் பக்கம் வடிந்து கிடக்கிறது, இந்தப் பக்கம் முழங்கால் ஆழம். சிலுவைகள் மட்டும் வெளியே. ரீனா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நேராக நடந்தாள், வீட்டுக்குள் நடக்கிற மாதிரி. சுவரோரம் ஒரு மரச் சிலுவை சாய்ந்திருந்தது. நிமிர்த்தினாள். கையை எடுத்ததும் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினாள்.

“எங்கம்மா சார். ஒவ்வொரு மழைக்கும் உள்ள எறங்குது. போன வருசம் மண்ணு கொட்னோம். அதுவும் போச்சி.”

சுவர் மேல் எட்டிப் பார்த்தேன். நேர் எதிரே லூர்து. நடுவில் ஒரு செங்கல் அகலம்தான்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ரீனா அழவில்லை. நான்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கோ.டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், நல்லவள்.

ரசம் வைத்தேன். புளி ஏறிவிட்டது. கொட்ட மனசில்லாமல் குடித்தேன்.

அக். 16, வியாழன்

மேகமூட்டம். கரண்ட் இல்லை.

சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். சுவரை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே மூடிய கால்வாய் கட்டலாம் என்கிறார். சுவரை ஒட்டிய கல்லறைக் குடும்பங்கள் மூன்று. மூன்றும் சம்மதிக்க வேண்டும். மற்ற இருவரும் ‘கண்டக்டர் சொல்றதுதான் எங்களுக்கும்’ என்று ஒதுங்கிவிட்டார்கள். நல்ல ஆட்கள்.

கால்வாய் லூர்துவின் தலைமாட்டில் போகும். அந்தப் பக்கத்துத் தண்ணீர்.

மாலையில் அந்தோணி வந்தான். இட்லி சாப்பிட்டான். கை கழுவும்போது சொன்னான்: “மாமா, அக்கா இருந்தா ஒத்துப்பாளா? அத மட்டும் யோசிங்க.” மோசமானவன் இல்லை. ஆஸ்பத்திரியில் அவளைக் குழந்தை மாதிரி தூக்கி உட்காரவைத்தவன். அக்காவை அவனுக்குத் தெரியும்.

சரி என்றால் லூர்துவுக்குத் துரோகம். முடியாது என்றால் அந்தப் பெண் அடுத்த வருசமும் மண் கொட்ட வேண்டும்.

அக். 18, சனி

நல்ல வெயில், புழுக்கம். ஹால் நிறைய ஆள். சாமியாரும் வந்தார். சமோசா ஆறிப்போயிருந்தது.

என் முறை. “நேர்ல பாத்தேன். தண்ணி நிக்கிது. சுவர எடுக்கணும்” என்றேன். அவ்வளவுதான் பேச நினைத்தது.

அந்தோணி எழுந்தான். “அக்கா ஒத்துப்பாளா மாமா? உள்ளதச் சொல்லுங்க. அவ தலமாட்லதான கைய வெக்கிறீங்க?”

எல்லாத் தலையும் என் பக்கம். ரீனாவும் பார்த்தாள்.

‘ஒத்துக்க மாட்டாள், இருந்தாலும் எடுக்கணும்’ — இதுதான் உண்மை. வாய்வரை வந்தது. ஆனால் அந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, செத்தவளை இத்தனை பேருக்கு முன்னால் காட்டிக்கொடுக்க முடியவில்லை.

“அவதான் சொன்னா” என்றேன். “ஆஸ்பத்திரில. அந்தச் சுவர எடுக்கச் சொல்லி சாமியாரண்ட சொல்லுங்கன்னா. நாந்தான் துக்கத்துல மறந்துட்டேன்.”

“அக்காவா சொன்னா?”

“அக்காதான்.”

அந்தோணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். “அக்கா சொன்னா சரி மாமா.” பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கோ.டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். இரண்டு தலைமுறையும் மனம் விட்டுப் பேசியது என்று சாமியார் பாராட்டினார். நான் பேசியது பச்சைப் பொய். இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று பயமாக இருக்கிறது.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

அக். 19, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் ஜெனிட்டா போன். மாமன் சொல்லிவிட்டானாம்.

“அம்மாவாப்பா அப்டி சொன்னாங்க?”

பள்ளிக்கூட நாளில் அவளுடைய காலனித் தோழியை லூர்து வாசலோடு திருப்பி அனுப்பினாள். அதிலிருந்து அம்மாவுக்கும் பெண்ணுக்கும் சரியாகப் பேச்சே இல்லை. சாவுக்கு வந்தபோதும் ஜெனி அழவில்லை. நான் கவனித்தேன்.

இன்று போனில் விக்கி விக்கி அழுதாள். “நான் அம்மாவத் தப்பாவே நெனச்சினு இருந்தேம்பா.”

இவளிடமாவது சொல்லலாமா என்று வந்தது. எப்படிச் சொல்வது? இப்போதுதான் அவளுக்கு அம்மா கிடைத்திருக்கிறாள்.

“கடசில மாறிட்டாம்மா” என்றேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. லூர்து எப்படிப்பட்டவள் என்று பேசிச் சிரிக்க, திட்ட, இந்த இரண்டு பேர்தான் இருந்தார்கள். இனி அவர்களிடமும் முடியாது. நான் ஒருத்தன்தான் அவளைத் தெரிந்தவன்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

அக். 28, செவ்வாய்

மழை இல்லை. சுவர் போயிற்று.

கடப்பாறை போட்ட இடமெல்லாம் பொலபொலவென்று விழுந்தது. கல்லூரிப் பிள்ளைகள் செங்கல் சுமந்தார்கள். அந்தோணி லூர்து மேல் தார்ப்பாயை விரித்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றான், ஒரு கல் கூட விழாமல். மத்தியானம் கால்வாய்க்கு வெட்டினார்கள். மேற்கே நின்ற தண்ணீர் பேச்சே இல்லாமல் வடிந்தது.

ஞாயிறு பூசையில் சாமியார் ‘லூர்து மேரி அம்மாவின் கடைசி ஆசை’ என்று அறிவித்திருந்தார். இன்றும் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். கடைசி ஆசை என்ன என்று எனக்குத் தெரியும். லூர்து, அன்றைக்கு இடம் இல்லாமல் செய்ய முடியவில்லை. இன்றைக்குத் தெரிந்தே செய்யவில்லை. சுவர் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. உன்னிடம்தான் முகம் காட்ட முடியவில்லை.

நவ. 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

காலையில் தூறி விட்டது. மெழுகுவத்தி நின்று எரிந்தது, காற்று இல்லை.

ஊரிலேயே அதிகப் பூ லூர்துவுக்குத்தான். காலனிப் பெண்கள் வரிசையாக வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு கிழவி மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரீனா அம்மாவுக்குப் புது மண் போட்டு, புதுச் சிலுவை நட்டிருந்தாள். நேராக நிற்கிறது. அங்கே பத்தி ஏற்றிவிட்டு இந்தப் பக்கம் வந்தாள். சுற்றிக்கொண்டு வரத் தேவையில்லை இப்போது. கையில் தூக்குவாளி.

“எங்கம்மா சொல்லும் சார். கிறிஸ்மஸுக்கு அதிரசம் எடுத்துனு போனா, மத்த வூட்ல வாசல்லயே வெச்சிட்டுப் போன்னுவாங்களாம். உங்க வூட்டம்மா மட்டும் சிரிச்சிக்கினே கைல வாங்கிப்பாங்களாம்.”

வாங்குவாள். சிரித்துக்கொண்டேதான் வாங்குவாள். கதவைச் சாத்திவிட்டு மாட்டுத் தொட்டியில் போடுவாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸும்.

தூக்கைத் திறந்தாள். அதிரசம். லூர்து மேல் ஒன்று வைத்தாள், எனக்கு ஒன்று தந்தாள்.

“அவங்களுக்கு ரொம்பப் புடிக்குமா சார்?”

“உசுரும்மா” என்றேன்.

அவள் எதிரே நின்றே தின்றேன். ஏலக்காய் போட்டிருந்தாள், பதமான பாகு. நன்றாக இருந்தது. லூர்து ஒரே ஒரு தடவை தின்று பார்த்திருக்கலாம்.