பேரன் பிறந்த நேரம்

பெருமாயிக்கு, மகள் பொன்மணியும் பச்சைப்பிள்ளையும் நலந்தானே? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தத் திருப்பூர் மில் சமையல்காரரைப் பிடித்து எழுதச் சொல்கிறேன்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ஜாதகத்துக்காக நர்சோடு சண்டை போட்டாயாமே, உன் பிடிவாதத்துக்கு அளவில்லையா? பேரன் பத்து மணி பத்து நிமிஷத்துக்குப் பிறந்தான், மூச்சில்லை. நெஞ்சில் ஒயர் ஒட்டி, துடிப்பு ஏறுகிறதா என்று மெஷினில் பார்த்துப் பார்த்துக் காற்றுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நிமிஷம் கழித்து அழுதான்.

"அழுதாத்தான உசுரு, அந்த நேரத்தையே எழுதுங்க" என்றாயாம்.

"பொறந்தப்பவே நெஞ்சு துடிச்சுது ஆச்சி" என்றாளாம் அந்த நர்ஸ்.

நம் மூத்தவனும் பிறந்தபோது அழவில்லை. ஆவணி வெள்ளிக்கிழமை, மருத்துவச்சி உசுரில்லை என்று முறத்தில் ஒதுக்கி வைத்தாள். நெஞ்சில் யாரும் கை வைத்துப் பார்க்கவில்லை, நானும்தான்.

பத்து பத்து என்றே எழுது. பேரன் கண் திறந்திருக்கையில் போட்டோ எடுத்து அனுப்பு. மில் சங்கு ஊதிவிட்டது, காவலுக்குப் போகிறேன்.

பரமசிவன்