பூமருதுக்கு வைத்த ரப்பர் உரம்

மைனி,

இன்று காலை முற்றம் பெருக்கும்போது பூமருதின் பட்டை துடைப்பத்தில் வந்து மாட்டியது. சுருண்டு காய்ந்து, தொட்டால் நொறுங்குகிற பட்டை. எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்ல?

தக்கலை பக்கத்தில் நான் வீடு கட்டி முடித்ததும், வாசலில் பூமரம் வைக்க கூடப்பிறந்த அண்ணனுக்கு முன்னால், அவன் கட்டி வந்த மைனி நீங்கள்தான் கிளம்பி வந்தீர்கள். நான் கேட் ஓரமாக, கரண்டுக் கம்பிக்கு நேர் கீழே குழி வெட்டி வைத்திருந்தேன். குழியைப் பார்த்தீர்கள், அண்ணாந்து கம்பியைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். "வளந்த பெறவு வருஷா வருஷம் இதுக்க தலைய வெட்டுவியா மக்கா? மொட்டை மரம் வேணும்னா ஒரு கம்ப நட்டா போராதா?" என்றீர்கள். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் முற்றத்தில் நடந்து, தென்னை நிழல் படாத இடமாகப் பார்த்து ஒரு செங்கல்லை வைத்தீர்கள். குழி அங்கே போனது.

நர்சரியில் அதைவிடக் கூத்து. நர்சரிக்காரர் அதை கிரேப் மர்ட்டில் என்றார். நம் மலங்காட்டுப் பூமருதுக்குக் குட்டைத் தம்பி. ரோஸ் நிறம்தான் என்று அவர் சத்தியம் செய்தும் நீங்கள் மசியவில்லை. "பூத்து நிக்கத காட்டும்" என்று ஒரே பிடி. முழுசாய் வளர்ந்தால் எத்தனை அடி, எத்தனை அகலம் என்று கேள்விமேல் கேள்வி. எனக்குப் பொறுக்கவில்லை. "பொண்ணு பாக்க போனப்பகூட நம்ம இவ்வளவு கேக்கல்லியே மைனி!" என்றேன். "பொண்ணு வீட்டுக்காரங்க இவ்வளவு கேட்டிருந்தா ஒனக்கு ஒருத்தியும் கெடச்சிருக்க மாட்டா" என்றீர்கள். நர்சரிக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாம் வருஷம் பட்டை உரிந்தது. முப்பது வருஷம் ரப்பரில் பால் வெட்டியவன் நான். எங்களுக்குப் பட்டைதான் சோறு. பதறிப்போய், பால் வெட்டிய இடத்தில் பூசுகிற கறுப்பு மருந்தைக் கலக்கி, முழங்கால் உயரத்திலிருந்து தோள் உயரம் வரை பூசிவிட்டேன். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, வழுவழுவென்று ஒரு தண்டை வெளியே எடுத்தீர்கள். "சீக்கு இல்ல மக்கா. இது அதுக்க அழகு. தொட்டுப் பாரு." அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சபையில் எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது!

அத்தோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன வருஷம் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தீர்கள். "மரம் பூக்கட்டும், பாக்க வாறேன்." உங்கள் குரல் அவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை. நாள் குறைவு என்று எனக்குப் பட்டது. ரப்பருக்கு வாங்கி வைத்திருந்த உரத்தை அள்ளி, ஒருமுறை இல்லை, மூன்று முறை மரத்தின் அடிமூட்டில் கொட்டினேன். மரம் இலை இலையாய்த் தள்ளியது. ஒரு மொட்டு இல்லை.

அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வந்தபோது என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என்னத்த வச்ச?" என்றீர்கள். சொன்னேன். இந்த முறை சிரிக்கவில்லை. "எனக்காவ வச்சியா?" என்று மட்டும் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "இனி ஒண்ணும் வைக்காண்டாம். வா, இங்க இரி." அந்தப் பச்சைக்குக் கீழே மூன்று பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். அந்தப் பூவை உங்களுக்குக் காட்டவிடாமல் கெடுத்தவன் நான்தான் மைனி. அழுதிருக்கிறேன்.

இந்த வருஷம் உரம் வைக்கவில்லை. நீங்கள் காட்டித் தந்தபடி மாசியில் உள்பக்கத்து ஒல்லிக் கிளைகளையும் மூட்டில் கிளம்பிய முளைகளையும் மட்டும் கழித்தேன். இப்போது நுனி தாழ்கிற அளவுக்குப் பூ. கசங்கிய மல் துணி மாதிரி, நீங்கள் பிடிவாதமாய் நின்று வாங்கிய அதே ரோஸ்.

நீங்கள் போனபிறகு யார் வீட்டுக்கும் போகாத அண்ணன், போன ஞாயிறு வந்தான். மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றான். பிறகு, "அவளுக்க கல்லறைத் தலமாட்டுல வைக்க ஒரு கம்பு வெட்டித் தருவியா?" என்று கேட்டான். முப்பது வருஷம் கத்தி பிடித்தவன், அந்த ஒரு கம்பை வெட்டக் கத்தியை இரண்டு முறை தீட்டினேன்.

மண் நிரப்பிய பையில் அதை நட்டு வைத்திருக்கிறேன். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்கச் சொல்லிக் கை துடிக்கிறது. என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே. இன்றைக்கு ஆறாம் நாள். இன்னும் தொடவில்லை மைனி.