என் பெயருக்கு நேரே

9 செப்டெம்பர் 2025, செவ்வாய்

இன்றைக்கும் கால் வீங்கிவிட்டது. விடிய முன்னம் எழும்பி மெனாஜ் வேலைக்குப் போய் அலுவலகம் முழுக்கக் கூட்டித் துடைத்து, பிறகு பிரெஞ்சு வகுப்பில் இருந்து கொட்டாவி விட்டு, பின்னேரம் மகள் லக்சிகாவைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வாசலில் லூசியா காத்து நிற்கிறாள். அவள் போர்த்துக்கல்காரி. அவளுடைய மகனும் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான்.

பெற்றோர் பிரதிநிதிகளுக்கான தேர்தல் ஒக்ரோபரில் வருகிறதாம். அவள் ஒரு பட்டியல் போடுகிறாள். உன் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டாள். எனக்குப் பிரெஞ்சு சரியாக வராதே என்றேன்.

"அதனால்தான் கேட்கிறேன்," என்றாள்.

புதிதாக நாட்டுக்கு வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிற வகுப்பை எங்கள் பள்ளியிலிருந்து எடுத்து வேறு பள்ளிக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்களாம். லக்சிகா படிக்கிற வகுப்பு. பள்ளிச் சபை வேண்டாம் என்று எழுதினால் மேலிடம் யோசிக்குமாம். சபையில் பெற்றோருக்கும் வாக்கு இருக்கிறது.

ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

10 செப்டெம்பர்

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

வன்னியிலிருந்து வந்து சேர்ந்த முதல் மாதங்களில் லக்சிகா பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்கூடக் கேட்கமாட்டாள். தாகத்தோடு வீட்டுக்கு வந்து குழாயடியில் நின்று குடிப்பாள். அந்த வகுப்பு ஆசிரியை மதாம் அவளை வற்புறுத்தவே இல்லை. பக்கத்தில் இருத்திப் படம் கீறவிட்டா. போன மே மாதம் ஒரு நாள், பச்சைப் பென்சிலைத் தாருங்கள் என்று பிரெஞ்சில் கேட்டாளாம். மதாம் வாசல் வரைக்கும் வந்து எனக்குச் சொன்னா. தெருவில் நின்று அழுதேன்.

இப்போது அந்தப் பிள்ளையைத் திரும்பவும் பிடுங்கி வேறு இடத்தில் நட வேண்டுமா? இந்தப் பள்ளிக்கு அவள் தனியாக நடந்து போவாள். அந்தப் பள்ளிக்கு மெத்ரோ எடுக்க வேண்டும். காலையில் நான் வேலையில், இவர் றுவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டு. யார் கூட்டிப்போவது?

18 செப்டெம்பர்

இவரிடம் இன்றைக்குத்தான் சொன்னேன்.

"உமக்கு ஏன் உந்தச் சோலி? வேலை, வீடு, பிள்ளை, இவ்வளவும் காணாதே?"

காணும்தான். காணாமலா கால் வீங்குகிறது.

26 செப்டெம்பர், வெள்ளி

பள்ளிக்கூடத்தில் இரண்டு பட்டியல்காரரும் பேசினார்கள். மற்றப் பட்டியலின் தலைவர் செபஸ்டியன். உயரமான மனிதர், கதிரை எடுத்துப்போட்டு என்னை இருத்தினார். நல்லவர்தான், அதுதான் பிரச்சினை. நீச்சல் வகுப்பு, உடைந்த கழிப்பறைக் கதவு, ஒரு நூலகம் என்று வரிசையாகச் சொன்னார். நூலகத்துக்கு ஓர் அறை வேண்டும். லக்சிகாவின் பிரெஞ்சு வகுப்பு போனால் அறை கிடைக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு மற்றப் பள்ளியில் இன்னும் நல்ல வசதி இருக்கும் என்றும் சொன்னார். கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கிறது. அவருடைய பிள்ளை மட்டும் எங்கும் போகத் தேவையில்லை.

என் முறை வந்தது. மூன்று வசனம் பாடமாக்கிக்கொண்டு போனேன். இரண்டு சொன்னேன். மூன்றாவது வசனம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. லூசியா கை தட்டினாள், பிறகு மற்றவர்களும் தட்டினார்கள். பாவம் பார்த்துத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியாதா?

1 ஒக்ரோபர்

வாக்குச்சீட்டுகள் பிள்ளைகளின் பையில் வந்துவிட்டன. இரண்டு பட்டியலும் தனித்தனித் தாள். விரும்பிய பட்டியலை உறைக்குள் வைத்து, அதை இன்னோர் உறைக்குள் வைத்து, வெளியே பெயரும் கையெழுத்தும் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் சரி. தாயும் போடலாம், தகப்பனும் போடலாம்.

எங்கள் பட்டியலில் ஐந்தாவது பெயர் நான். கிடைக்கிற வாக்குக்கு ஏற்ப ஆசனம், பெயர்கள் மேலிருந்து வரிசையாக உள்ளே போகும். ஐந்து ஆசனம் வந்தால் எனக்கும் ஒரு கதிரை. ஐந்து வந்தால்தான் சபையில் எங்கள் பக்கம் கை கூடும் என்று லூசியா சொல்கிறாள்.

வாசலில் றஜனியைக் கண்டு விளங்கப்படுத்தினேன். அவளுடைய மகளும் அந்த வகுப்புத்தான்.

"எனக்கு உதுகள் விளங்காது அக்கா. வெள்ளையளின்ரை விசயம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எங்கடை சனம் இப்படித்தான். பிறகு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லும்.

4 ஒக்ரோபர், சனி

அரிசி வாங்க தில்லையம்பலம் அண்ணையின் கடைக்குப் போனேன். லா சப்பலில் எங்கள் பள்ளித் தமிழ்ப் பெற்றோர் முக்கால்வாசிப் பேரும் அங்கேதான் சாமான் வாங்குகிறார்கள். கேட்பார் என்று நினைக்காமல் பேச்சுவாக்கில் தேர்தல் கதையைச் சொன்னேன். முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"பேர் போட்டிருக்கோ? உன்ரை பேரோ?"

"ஓம் அண்ணை. அஞ்சாவது."

"ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை? ஊரிலை நான் எத்தினை எலெக்சன் கண்டனான். சனத்தைக் கடைக்கு வரச்சொல்லு, கடுதாசியையும் கொண்டு வரட்டும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

வெளி உறையில் கையெழுத்துப் போட மறக்கக்கூடாது, அது இல்லாவிட்டால் சீட்டு செல்லாது என்று சொல்லி வைத்தேன். உடனே சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அரிசிப் பையையும் மெத்ரோப் படி வரைக்கும் தூக்கிவந்து தந்தார்.

8 ஒக்ரோபர்

றஜனியும் போட்டுவிட்டாளாம்! கடையில் வைத்து, புருஷனையும் கூட்டிவந்து. லூசியா சொல்கிறாள், உறைப் பெட்டி இவ்வளவு நிறைந்ததை ஒருநாளும் கண்டதில்லையாம்.

10 ஒக்ரோபர், வெள்ளி

காலையில் பள்ளிக்கூடத்துக்கு நேரே போய்ப் போட்டேன். மறைப்புக்குப் பின்னால் நின்று பேனையைத் தேடினேன். இல்லை. இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு பேனை வாங்கி வைக்கக் காசில்லையா என்று நினைத்துக்கொண்டு தாளை அப்படியே மடித்துப் போட்டேன். அப்பவும் எனக்கு மூளை ஓடவில்லை.

பின்னேரம் எண்ணினார்கள். வேட்பாளர்கள் இருந்து பார்க்கலாம், இருந்தேன். லூசியா உறையைப் பிரித்துத் தாளை எடுத்தாள். எங்கள் பட்டியல். ஐந்தாவது பெயருக்கு நேரே நீலப் பேனையால் வடிவாக ஒரு பெருக்கல் குறி, எங்கள் ஊர்ப் புள்ளடி.

"செல்லாது," என்றா தலைமையாசிரியை. தாளில் எந்த அடையாளமும் இருக்கக்கூடாதாம்.

அடுத்தது. புள்ளடி. அடுத்தது. அதற்கடுத்ததும் அதே. ஒரே நீலம். சில கை நடுங்கிப் போட்டது, சில அழுத்தித் தாள் கிழியப் போட்டது. ஊரில் வாக்குச்சாவடிக்குப் போய்ப் பழகிய கைகள். புள்ளடி போடாமல் வாக்கு எப்படிப் போடுவது? சொல்ல வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லையே. கையெழுத்து, கையெழுத்து எண்டு அதையே படிச்சுப் படிச்சுச் சொன்னன். அந்தப் பேனையை எடுத்து வைக்கப் பண்ணினதே நான்தானே.

லூசியா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். "உன் பெயரை வெட்டியிருக்கிறார்களே. உன்னோடு கோபமா?" என்று காதுக்குள் கேட்டாள்.

கோபமில்லை, என்னைத்தான் விரும்பியிருக்கிறார்கள் என்று எழும்பி நின்று தலைமையாசிரியைக்குச் சொன்னேன். முதல் தடவையாக முழு வசனம். அவ தலையாட்டினா, முகம் வாடியும் போனது, ஆனால் சட்டம் அதுதான். செபஸ்டியன் செல்லாத சீட்டுக் கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களுக்கு ஐந்து. எங்களுக்கு நாலு.

அந்தக் கட்டு எங்கள் பக்கம் வந்திருந்தால் ஆறு ஆசனம். நான் மட்டுமில்லை, எனக்குப் பின்னால் நின்றவளும் போயிருப்பாள். நான் இப்போது பதிலாள். சபையில் போய் இருக்கலாம், கை தூக்க முடியாது.

11 ஒக்ரோபர்

கடைப் பக்கம் போகாமல் சுற்றித்தான் போனேன். அண்ணை கண்டுவிட்டார்.

"என்ன பிள்ளை, என்ன மாதிரி?"

"ஒரு கதிரையாலை தவறிப்போச்சு அண்ணை."

"எங்கடை சனம் போட்டதோ?"

"ஓம் அண்ணை. எல்லாரும் போட்டிருக்கினம்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே. ஒவ்வொருத்தருக்கும் நானே காட்டிக் குடுத்தனான், உன்ரை பேருக்கு நேரை ஒரு புள்ளடி. பிழை விடக்கூடாதெண்டு பக்கத்திலையே நிண்டனான்."

நன்றி அண்ணை என்றேன். வேறு என்ன சொல்ல? எப்படிச் சொல்ல? ஒரு கட்டுக் கீரையைப் பையில் வைத்துவிட்டார். வீட்டில் அதை ஆய்ந்துகொண்டே அழுதேன். இவர் என்ன என்று கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், பக்கத்தில் இருந்து மிச்சக் கீரையை ஆய்ந்தார்.

6 நவம்பர், வியாழன்

பள்ளிச் சபை. சுவரோரம் பதிலாட்களின் கதிரை. எனக்கு மூன்றாவது வசனமும் இன்றைக்கு வந்தது. லக்சிகா தண்ணீர் கேட்காமல் இருந்த கதையைச் சொன்னேன், எல்லாரும் கேட்டார்கள். ஓர் ஆசிரியை கண்ணைத் துடைத்தா. பிறகு கை தூக்கினார்கள்.

ஒரு கை குறைந்தது.

நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

15 டிசெம்பர்

கடிதம் வந்துவிட்டது. விடுமுறை முடிய, வகுப்பு மற்றப் பள்ளியில். மதாம் வகுப்போடு போகமாட்டாவாம்.

5 ஜனவரி 2026, திங்கள்

விடியப்புற வேலையை விட்டுவிட்டேன். இனிப் பின்னேர வேலை, லக்சிகா படுத்த பிறகுதான் வீட்டுக்கு வருவேன். காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு மெத்ரோவுக்கு நடந்தேன். புதுப் பள்ளியில் தாகமெடுத்தால் என்ன கேட்பாய் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் நடந்தாள்.

தில்லையம்பலம் அண்ணை கடை வாசலில் மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். புதுப் பள்ளிக்கோ என்று கேட்டு லக்சிகாவுக்கு ஒரு தோடம்பழம் கொடுத்தார்.

"அங்கையும் உந்த எலெக்சன் வருமோ பிள்ளை?"

"ஒக்ரோபரிலை வரும் அண்ணை."

"அப்ப பேரைக் குடு. நான் பேனையோடை நிப்பன்."

இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்தேன். இனியும் வைத்திருந்தால் இன்னொரு ஒக்ரோபரும் போய்விடும்.

"குடுப்பன் அண்ணை. ஆனா பேனை வெளி உறைக்கு மட்டுந்தான். உள்ளுக்கை வைக்கிற தாளிலை ஒண்டும் போடக்கூடாது."

தலையாட்டிச் சிரித்தபடி அடுத்த பெட்டியைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"புள்ளடியுமோ?"

"புள்ளடியும்தான் அண்ணை."

லக்சிகா கையை இழுத்தாள். நேரமாகிவிட்டது. மெத்ரோப் படியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். பெட்டி இன்னும் நிலத்தில்தான் இருந்தது. அண்ணை சட்டைப் பையிலிருந்த பேனையைக் கையில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.