உனக்காக நான் போட்ட ஓட்டு

லாசிமவுத்,
2014 அக்டோபர் 5, ஞாயிறு

அன்புள்ள எய்லி,

இத்தனையும் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன் என்பதை முதலில் ஒப்புக்கொள், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். சரி, நலம்தான். உன் அம்மா நலம், நான் நலம், என் இடது முழங்கால் மட்டும் தனி நாடு கேட்கிறது. நீயும் சைப்ரஸ் வெயிலில் வதங்காமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன மாத ஓட்டெடுப்பில் ஸ்காட்லாந்து பிரிட்டனை விட்டுத் தனியாகப் போக வேண்டாம் என்பவர்கள் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் இருப்பார்கள் என்று ஜூலையிலேயே துறைமுகக் கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் எழுதினேன். மழை அழித்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஜார்டி சூட்டர் தனக்கு ஞாபகமே இல்லை என்கிறான், நான் படகை நல்ல விலைக்கு விற்றதிலிருந்து அவனுக்கு என்மேல் பொறாமை. அந்த ஓட்டின் சூடு ஆறுமுன் இராக்கில் தீவிரவாதிகள்மேல் குண்டு போடலாமா என்று லண்டனில் இன்னொரு ஓட்டு வரும் என்றும் சொன்னேன், எண்ணி எட்டே நாள். பதினைந்து வயதில் படகேறியவன் நான், பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் அவ்வளவு ஒட்டுதல் இல்லை, ஆனால் மேகத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்கிறவனுக்கு மந்திரிகள் முகத்தைப் படிப்பது ஒரு வேலையா.

உன் சார்பில் நானே ஓட்டுப் போடலாம் என்று பதிலாள் சீட்டில் என் பெயரை எழுதினாயே, அந்தக் கதையைக் கேள். காலையில் ஊரிலேயே முதல் ஆளாகப் போய் நின்றேன், கோட்டில் தட்டு அகலத்துக்குத் தனி நாடு கேட்கும் ‘ஆம்’ பேட்ஜ். பென்சிலால் போட்டால் ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு, அதனால் மீன்பெட்டிக்கு எண் எழுதுகிற தடிப்பேனாவைக் கொண்டுபோனேன். கையில் இரண்டு சீட்டு. ஒன்றில் எனக்காக ‘ஆம்’, இன்னொன்றில் நீ சொன்னபடி ‘இல்லை’. என் ஓட்டை நானே அடித்து வீழ்த்திய ஆள் இந்த நாட்டிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். மடித்தபிறகு எது உன்னுடையது எது என்னுடையது என்று தெரியவில்லை, இரண்டும் ஒரே பெட்டிக்குள் விழுந்தன. வீட்டுக்கு வந்தால் உன் அம்மா வாசலிலேயே நிற்கிறாள். “நீ நினைச்சிருந்தா மாத்திப் போட்டிருக்கலாம்ல, ஹெக்டர். யாருக்குத் தெரியப்போவுது?” என்றாள். “எனக்குத் தெரியுமே, அண்ணி” என்றேன். இதுமட்டும் சத்தியமாக நடந்தது. அதற்குப்பிறகு ஒரு வாரம் எனக்கு அவள் வீட்டில் மீன் சூப் கிடையாது.

உங்கள் இருவருக்கும் நடுவில் கிடப்பது அந்த ஓட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகஸ்டில் தொலைபேசியில் நீ, “உன் ‘ஆம்’ ஜெயிச்சா என் வேலை போயிடும்மா” என்றாய். அவள், “அந்த வேலை போவட்டும்னுதான் நான் ‘ஆம்’ங்கறேன்” என்றாள். அன்றைக்கு வைத்த தொலைபேசியை இரண்டு பேரும் இன்னும் எடுக்கவில்லை. பிரிட்டிஷ் விமானப்படையில், விமானத்தில் குண்டு மாட்டுகிற வேலை என்று நீ முதல் நாள் வந்து சொன்னபோதே அவளுக்குத் தொண்டையில் முள் சிக்கியது, அது இத்தனை வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. புத்தாண்டுக்கு ஊருக்கு வரப்போவதில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறாய். அதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த ராத்திரி பன்னிரண்டு மணி அடித்ததும், வருஷம் நன்றாக இருக்க, கறுப்பு முடிக்காரர் முதலில் வாசல் மிதிக்க வேண்டும், பெண் கூடாது என்று ஊர் சொன்னாலும் உன் அப்பா கடலோடு போனதிலிருந்து அந்த வீட்டு வாசலைக் கரித்துண்டோடு மிதிப்பது நீதான். நீ வராவிட்டால் இந்தச் செம்பட்டைத் தலையன் நான் மிதிக்க வேண்டும், வருஷம் விளங்குமா?

இப்போது முக்கியமான செய்தி. லண்டனில் ஐந்நூற்றுச் சொச்சம் பேர் சரி என்றும் நாற்பத்துச் சொச்சம் பேர் கூடாது என்றும் கைகாட்டி, செவ்வாயன்று உங்கள் சைப்ரஸ் தளத்து விமானத்திலிருந்து முதல் குண்டும் விழுந்தாயிற்று. மறுநாள் சாயங்காலம் தேவாலயக் கூடத்தில் ஊரைக் கூட்டினார்கள், முந்நூறு பேர் இருக்கும், ஜன்னலில்கூட ஆள் தொங்கியது. ஜார்டி எழுந்து, நமக்கே ஒரு நாட்டைத் தரமாட்டேன் என்றவர்கள் அடுத்தவன் நாட்டைச் செப்பனிடப் போகிறார்களாம் என்று ஆரம்பித்தான், போன தடவை இராக்குக்குப் போனதில் என்ன கிழித்தோம் என்று கேட்டான். ரொட்டிக்கடை நோர்மா விடவில்லை. “ஆகஸ்டுல இராக்குல தீவிரவாதிங்களுக்குப் பயந்து மலைமேல ஏறின ஜனங்க தண்ணியில்லாம செத்துக்கிட்டிருந்தப்ப, மேலேருந்து தண்ணி இறக்கினதும் நம்ம விமானந்தான். அந்தக் கொலைகாரப் பாவிங்ககிட்ட போய் நீ ஓட்டெடுத்துப் பேசேன், ஜார்டி” என்றாள். அவன், உன் ரொட்டியைத் தின்பது நம் ஊர் விமானத் தளத்துப் பையன்கள், நீ வேறென்ன சொல்வாய் என்றான். அதுவரைக்கும் சரி. பிறகு அவன் பின்வரிசைப் பக்கம் திரும்பி, “இசோபெல், உன் மக மாட்டற குண்டு யார் வீட்டுமேல விழுதுன்னு அவளுக்காச்சும் தெரியுமா?” என்று கேட்டுவிட்டான். உன் அம்மா எழுந்தாள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “ஓட்டு என்னோடது. பொண்ணும் என்னோடவ. ரெண்டுல ஒண்ணை விட்டுக்கொடுன்னு யாரும் எங்கிட்ட கேக்கப்படாது.” கைத்தட்டல் பத்து நிமிடம், ஜார்டி தொப்பியைத் தேடினான். கடைசியில் குண்டு வேண்டும் என்பவர்கள் கைதூக்குங்கள், வேண்டாம் என்பவர்கள் தூக்குங்கள் என்றார்கள். அண்ணி இரண்டுக்கும் தூக்கவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்த நானும் தூக்கவில்லை, மகளே. மலைமேல் தவித்தவர்களை நினைத்தால் கை மேலே போகிறது, கீழே ஏதோ ஒரு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் என்று நினைத்தால் கை கீழே வருகிறது. நடுவில் நீ நிற்கிறாய். தனி நாடாகியிருந்தால் நாம் இந்தக் கேள்விக்குத் தப்பியிருப்போம் என்று நானும் பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தவன்தான். தப்பியிருக்க மாட்டோம், கேட்கிறவன் லண்டனுக்குப் பதில் எடின்பரோவில் இருப்பான், அவ்வளவுதான்.

ஆகவே வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போடு, உன் மேலதிகாரி எரிந்துவிழுந்தால் வாயைத் திறக்காதே, அது நம் குடும்பத்துக்கு வராது, ஆனாலும் முயற்சி செய். அம்மாவிடம் பேசு. குண்டையும் ஓட்டையும் பற்றிப் பேச வேண்டாம், அங்கே பூனைகள் நிறைய என்கிறார்களே, அதைப் பற்றிப் பேசு. நீ கைவைக்கிற இரும்பெல்லாம் உனக்குத் தீங்கில்லாமல் இருக்கட்டும், உன் தலைக்குமேல் வானம் அமைதியாக இருக்கட்டும், கடவுள் உன்னைச் சுகமாக வாசல் மிதிக்க வைக்கட்டும். நோர்மா ரொட்டி அனுப்புகிறாளாம், கல்லாகிப்போய்த்தான் வந்துசேரும், சூப்பில் ஊறவைத்துத் தின்.

இத்தோடு உறையை ஒட்டியிருக்க வேண்டும், மனசு கேட்கவில்லை. முந்நூறு பேர் என்றது நாற்பது பேர், அதை விடு, அது என் வழக்கம். ஆனால் உன் அம்மா கூடத்தில் அப்படிப் பேசவில்லை. அவை என் வார்த்தைகள், அதையும் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போதுதான் யோசித்தேன், அங்கே எனக்கும் வாய் வரவில்லை. அவள் எழுந்தது நிஜம், பொத்தான் போட்டது நிஜம், ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டாள். நான் முழங்காலை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மீன்சந்தை முனை வரைக்கும் விறுவிறுவென்று நடந்தாள். அங்கே நின்று, “ஹெக்டர், அவ இருக்கற இடத்துல இப்ப மணி என்ன?” என்றாள். நம்மைவிட இரண்டு மணி நேரம் கூடுதல் என்றேன். மறுநாள் டீ குடிக்கப் போனால் அடுப்படிக் கடிகாரம் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. பழுது என்று நினைத்துத் திருப்பி வைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
ஹெக்டர்